அத்தை வாய் திறக்கும்முன்

அத்தியாயம் 11

மெலியாமே டீச்சரின் கணுக்கால் உடைந்ததைப் போன வாரம் பார்த்தோம். கால் இன்னும் மாவுக்கட்டில்தான் இருக்கிறது. தேவாலயத் தோட்டத்தில் புகுந்த பன்றியை விரட்டப் போய் விழுந்தவர், "பன்றிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றுதான் முதலில் கேட்டாராம்.

பன்றிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு மாதப் பயிற்சிக்காக ஜப்பானுக்குப் போக வேண்டிய இரண்டு ஆசிரியர்களில் ஒருவர் குறைந்துபோனார். மீதி இருந்தவள் செலுவையா. அவளுக்குத் துணையாக யார் போவது என்பதுதான் இந்த வாரம் முழுவதும் எங்கள் தீவின் பேச்சு.

சனிக்கிழமை விடிந்தது. திங்கட்கிழமை விமானம். நடுவில் ஒரு ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் துணி துவைக்கக் கூடாது, மீன் பிடிக்கக் கூடாது, பெட்டி கட்டவும் கூடாது. அதனால் பயண வேலை முழுவதையும் சனிக்கிழமைக்குள் அடைத்தாக வேண்டும்.

செலுவின் வீட்டுக் கூடத்தில் இரண்டு பெட்டிகள் வாயைப் பிளந்து கிடந்தன. காலையிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்காரராக வந்து ஒவ்வொன்றைப் போட்டுவிட்டுப் போனார்கள். மரப்பட்டைத் துணி, சிப்பி மாலை, தேங்காய் எண்ணெய், ஜப்பான்காரர்களுக்கு அளவு தெரியாமல் பின்னிய இடுப்புப் பட்டைகள்.

"இந்தக் கிழங்கையும் வை," என்றாள் அம்மா லேசியேலி.

"அம்மா, அங்கே கிழங்கை உள்ளே விடமாட்டாங்க."

"ஏன்? கிழங்குக்கும் பாஸ்போர்ட் கேக்கறாங்களா?"

செலு சிரித்தாள். ரொம்ப நாளாக அவள் இப்படிச் சிரித்து யாரும் பார்க்கவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து அவளால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கம்பளிச் சட்டையைப் போட்டுப் பார்ப்பாள், வியர்த்துக் கழற்றுவாள், ஐந்து நிமிடத்தில் மறுபடியும் போட்டுப் பார்ப்பாள்.

வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்தது. தலைமையாசிரியை தௌஃபா வண்டியை நிறுத்தாமலேயே கத்தினார்.

"செலு டீச்சர்! உன் கூட வர ஆள் கிடைச்சாச்சு!"

செலு கம்பளிச் சட்டையோடு வாசலுக்கு ஓடினாள். அம்மா கரண்டியோடு ஓடினாள். அப்பா சேமிசி வலையைப் பின்னிக்கொண்டிருந்தவர் ஊசியோடு எழுந்தார்.

"நம்ம தீவுக்குக் கொடுத்த இடத்தை நான் விடுவேனா? பாஸ்போர்ட் இருக்கற வாத்தியார் யாரு யாருன்னு நேத்து பூரா தேடினேன். ஒரே ஒருத்தர். ராத்திரியே கேட்டேன், சரின்னுட்டார். உயர்நிலைப் பள்ளியில தச்சு வேலை சொல்லிக் கொடுக்கறாரே, பெனிசிமானி!"

அம்மாவின் கரண்டி கீழே விழுந்தது.

"என்ன?" என்றார் தௌஃபா. அவர் தலைநகரத்துக்காரர். மாற்றலாகி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. "ஆள் சரியில்லையா?"

"நல்ல மனுஷன்தான் மேடம்," என்றாள் செலு. குரல் பாதியாகிவிட்டது. "அவர் எங்க அண்ணன்."

"கூடப் பிறந்தவரா?"

"அத்தை மகன்."

தௌஃபா இஞ்சினை அணைத்தார்.

வேறு தேசங்களில் அத்தை மகன் என்றால் ஒரு மாதிரி சிரித்துக்கொண்டு கேலி பேசுவார்கள் என்று கேள்வி. எங்களுக்கு அத்தை மகன் அண்ணன்தான். பெரியம்மா மகனும் அண்ணன்தான். அண்ணன் இருக்கும் அறையில் தங்கை படுக்கமாட்டாள். அவன் பார்க்கும் சினிமாவை அவள் உட்கார்ந்து பார்க்கமாட்டாள். அவன் காதுபட ஒரு சிரிப்புப் பேச்சு பேசமாட்டாள். அது பயமில்லை, மரியாதை. ராஜா வீட்டிலும் அப்படித்தான், செம்படவன் வீட்டிலும் அப்படித்தான்.

"ஒரே வீட்டுல தங்கணுமே," என்றார் தௌஃபா மெதுவாக. செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். ஜப்பானில் பனி விழும் ஒரு சின்ன ஊர், சின்ன வீடு, விருந்தாளிகளுக்கு ஒரே அறை. நடுவில் இழுத்துச் சாத்தும் கதவு.

"கதவு இருக்கே," என்றாள் அம்மா நம்பிக்கையோடு.

"காகிதக் கதவு, லேசியேலி."

"காகிதமா?"

"காகிதம்தான். மூச்சு விட்டாலே அந்தப் பக்கம் கேக்கும். அப்புறம் குளிக்கறதுக்கு ஒரே தொட்டி. வெந்நீரை நிரப்பி வெச்சு, ஒருத்தர் குளிச்ச பிறகு அதே தண்ணியில அடுத்தவர் இறங்கறதுதான் அவங்க வழக்கமாம்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஜெபித்தாள். அப்பா திரும்பி வலையைப் பார்த்தார்.

"வேற வீடு?" என்றாள் செலு.

"கேட்டுப் பிரயோஜனமில்லை. அந்த ஊர்ல வேற வீடு கிடையாது. அந்தக் குடும்பமே பாவம், அவங்க அறையை விட்டுட்டு மாடியில நெருக்கிப் படுக்கறாங்க." தௌஃபா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் போக முடியும். இன்னொரு இடத்தைத் தலைநகருக்குக் கொடுத்துடறேன். நீ போனா அங்கேருந்து ஒரு டீச்சரம்மா வருவாங்க. அவர் போனா ஒரு சார் வருவார். முதல்ல தேர்வானவ நீ. ஆனா உங்க வீட்டு முறையில நான் தலையிட மாட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள ஒரு பேரைச் சொல்லுங்க. நாளைக்கு இந்த நாட்டுல நாய்கூட ஃபோனை எடுக்காது."

வண்டி போய்விட்டது. புழுதி அடங்கியது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் அம்மா. "தங்கச்சிக்கு அண்ணன் விட்டுக்கொடுக்கணும். அதுதானே நம்ம முறை?"

"அத்தை பிள்ளைக்கு மாமன் பிள்ளை விட்டுக்கொடுக்கணும்," என்றார் அப்பா. "அதுவும் நம்ம முறைதான்."

"ரெண்டுல எது பெரிசு?"

"அக்கா எதைச் சொல்றாங்களோ அது பெரிசு."

அம்மா கரண்டியை எடுத்துத் துடைத்தாள். அந்த வீட்டில் 'அக்கா' என்றால் ஒரே ஒருவர்தான். அப்பாவின் அக்கா கலோலைனே, பெனிசிமானியின் தாய். தம்பி வீட்டில் அவர் ஒன்றைக் கேட்டால் இல்லை என்ற சொல் கிடையாது. நல்ல பன்றியைக் கேட்டார், கொடுத்தார்கள். படகு மோட்டாரைக் கேட்டார், கொடுத்தார்கள். புதுக் குளிர்சாதனப் பெட்டியைக் கேட்டு, அதில் அம்மா வைத்திருந்த மீனோடு எடுத்துப் போனார். இந்த வீட்டில் கல்யாணமோ சாவோ வந்தால் முதலில் வந்து நின்று கடைசியில் போகிறவரும் அவர்தான். அது வேறு விஷயம்.

"அண்ணி வாயைத் திறந்து 'என் மகன் போகட்டும்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டா?" என்றாள் அம்மா.

"சொல்லிட்டா முடிஞ்சது," என்றார் அப்பா.

"அப்போ அவங்க வாயே திறக்கக் கூடாது."

"அதை எப்படிம்மா தடுக்கறது?" என்றாள் செலு.

"திறக்கும்போதெல்லாம் அதுல எதையாவது வெச்சுடணும்," என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பங்கரைக்கு நடந்தாள். சேப்பிலை, தேங்காய்ப்பால், உப்பு மாட்டிறைச்சி, இரண்டு கோழி, சீமைப்பலா. எல்லாம் ஒரே நேரத்தில் குழி அடுப்பில் இறங்கின.

*

அத்தைக்கு முன்னால் பெனிசிமானி வந்தான்.

வீட்டுக்குள் வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி நின்றான். இந்த வெயிலில் தலையில் கம்பளித் தொப்பி. யாரோ நியூசிலாந்திலிருந்து கொண்டுவந்தது. கழற்ற மனம் வரவில்லை போலிருக்கிறது.

செலு ஜன்னலுக்குப் பக்கத்தில் சுவரோடு நின்றாள். அப்பா நடு முற்றத்தில் நின்றார். இருவர் பேசுவதும் இருவருக்கும் கேட்கும் தூரம்தான். ஆனாலும் பேச்சு அப்பா வழியாகத்தான் போக வேண்டும்.

"மாமா, தங்கச்சிகிட்ட சொல்லுங்க. ராத்திரி தலைமையாசிரியம்மா யாரு கூடன்னு சொல்லலை. சொல்லியிருந்தா சரின்னு சொல்லியிருக்க மாட்டேன்."

"ராத்திரி சொல்லலையாம்," என்றார் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி.

"கேட்டுதுப்பா. அண்ணன்கிட்ட சொல்லுங்க, அவர் மேல தப்பு ஒண்ணும் இல்லை."

"தப்பில்லையாம்."

"தங்கச்சியே போகட்டும் மாமா. அதான் முறை."

"அண்ணனே போகட்டும்ப்பா. அத்தை பிள்ளை முன்னாடி நான் எப்படி?"

"இல்லை மாமா, தங்கச்சிதான்."

"இல்லைப்பா, அண்ணன்தான்."

அப்பா ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம் திரும்பினார். கழுத்து வலித்திருக்க வேண்டும்.

"ரெண்டு பேரும் போகலைன்னா சொல்லுங்க," என்றார். "நான் போறேன். தொட்டித் தண்ணி எனக்குப் பரவாயில்லை."

பெனிசிமானியின் தோள் குலுங்கியது. செலு கம்பளிச் சட்டையின் கையை வாயில் வைத்து அடக்கினாள். அண்ணன் காதுபடச் சிரிக்கக் கூடாதல்லவா.

சிரிப்பு அடங்கியதும் இருவருக்கும் ஒன்று தெரிந்தது. இருவரும் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 'நீ போ' என்பது வாயில் வருகிறது. மனம் ஏற்கெனவே விமானத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

"மாமா," என்றான் பெனிசிமானி. "அம்மா கிளம்பிட்டாங்க. நான் எதுவும் கேக்கலை. அவங்களா வர்றாங்க. வழியில ரெண்டு வீட்டுல நின்னு பேசுவாங்க. அப்புறம் இங்கதான்."

*

அந்த இடைவெளியில் செலு பள்ளிக்கூடத்துப் பக்கம் போனாள். சனிக்கிழமை என்றாலும் அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் மாமரத்தடியில் கூடியிருந்தார்கள். டீச்சர் போவதற்குள் ஒரு கடைசிப் பயிற்சி வேண்டுமாம்.

எங்கள் பள்ளிகளில் கணக்குப் போட ஜப்பான் மணிச்சட்டம் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். செலுவின் பிள்ளைகளுக்குச் சட்டமும் வேண்டாம். அவள் எண்களைக் கடகடவென்று சொல்வாள். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, காற்றிலே இல்லாத மணிகளை விரலால் தட்டுவார்கள். முப்பது பிள்ளைகளின் விரல்கள் ஒன்றாகத் துடிப்பதைப் பார்த்தால் மழைக்கு முந்திய நண்டுக் கூட்டம் மாதிரி இருக்கும்.

அன்றும் தட்டினார்கள். அன்றும் சரியான விடை சொன்னார்கள்.

"டீச்சர், விரலும் அசையாம போடுவாங்களாமே ஜப்பான்ல? அதை எப்படின்னு பாத்துட்டு வருவீங்கதானே?" என்று முன் வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்.

செலு அவள் தலையைத் தடவினாள்.

அதுதான் அவளுடைய ஆசை. விரலுக்குப் பிறகு ஒரு படி இருக்கிறது. அதில் எப்படி ஏறுவது என்று இந்தத் தீவுகளில் யாருக்கும் தெரியாது. வருடாவருடம் கெட்டிக்காரப் பிள்ளைகள் அந்த இடத்துக்கு வந்து நிற்கிறார்கள். அவளும் அவர்களோடு அங்கேயே நிற்கிறாள். ஒரு வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு ஜப்பான் டீச்சர் அந்தப் படியை எப்படிக் கடத்திவிடுகிறார் என்று கண்ணால் பார்த்தால் போதும். வேறு ஒன்றும் வேண்டாம்.

வேறு ஒன்றும் வேண்டாம் என்பதும் பொய். பனியைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அதை வாயில் போட்டுப் பார்க்க வேண்டும்.

அம்மா தூரத்திலிருந்து கரண்டியை ஆட்டினாள். அத்தை வந்துவிட்டார்.

*

கலோலைனே அத்தை கூடத்தின் நடுவில், நல்ல பாயில் உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல். அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அக்கா இருக்கும் அறையில் இந்த வயதிலும் அவர் காலை நீட்டி உட்கார்ந்தது கிடையாது. பெனிசிமானி வேலிக்கு அந்தப் பக்கம், அதே இடத்தில், அதே கடலைப் பார்த்துக்கொண்டு.

செலு குனிந்து வந்து அத்தையின் கன்னத்தில் முத்தமிட்டாள். மணி பதினொன்று தாண்டியிருக்கும்.

"என்ன ஒரு மோப்பம் உனக்கு, லேசியேலி," என்றார் அத்தை. "நான் வர்றது முன்னாடியே தெரிஞ்சு அடுப்பு மூட்டியிருக்கே. இதோ பாரு, நான் எதுக்கு வந்தேன்னா..."

"அண்ணி, இந்த லு சூடு ஆறிடும்." லு என்கிற சேப்பிலைப் பொட்டலம் ஒன்று அத்தையின் கைக்குப் போனது.

அத்தை சாப்பிட்டார். தேங்காய்ப்பால் விரலில் வழிந்தது. முடித்தார்.

"நல்லாருக்கு. அந்த பெனி விஷயமா..."

"கோழி, அண்ணி! கால் துண்டு உங்களுக்குன்னே எடுத்து வெச்சேன்."

கோழியும் போயிற்று.

"செலு இன்னைக்கு..."

"சீமைப்பலா! தோல் சுட்டுக் கருகினாத்தானே உங்களுக்குப் பிடிக்கும்?"

அத்தை பலாத் துண்டைக் கையில் வாங்கினார். சாப்பிடவில்லை. அம்மாவையே பார்த்தார்.

"லேசியேலி, எனக்கு வாய் ஒண்ணுதான். உள்ளே போறதுக்கும் வெளியே வர்றதுக்கும் அதுதான் வழி. கொஞ்சம் வழி விடறியா?"

வாசற்படியில் அப்பா இருமினார். அது இருமல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

தட்டில் இனி ஒன்றும் இல்லை. அம்மா பதறிப்போனாள். பதற்றத்தில் நம் பெண்களுக்கு மரியாதைதான் முதலில் வாயில் வரும். சின்ன வயதிலிருந்து பழகிய வார்த்தை, தானாக வந்துவிட்டது.

"அண்ணி, பெட்டியில இருக்கறதுல எது பிடிச்சாலும் எடுத்துக்கோங்க."

சொன்ன பிறகு கையால் வாயைப் பொத்தினாள். இருமலும் நின்றுவிட்டது.

"அப்படியா?" என்றார் அத்தை. பாயில் நகர்ந்து பெட்டிக்குப் பக்கத்தில் போனார்.

ஒவ்வொன்றாக எடுத்தார். கம்பளிக் கையுறையை மாட்டிப் பார்த்துச் சிரித்தார். சிப்பி மாலையை முகர்ந்து பார்த்தார். மரப்பட்டைத் துணியை வெளிச்சத்தில் பிடித்து, "இந்தக் கோடு கோணல். யாரு செஞ்சது? வேண்டாம், சொல்லாதே," என்றார். எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அடிவரைக்கும் போனார்.

அங்கே அவர் கை நின்றது.

மெதுவாக வெளியே இழுத்தார். ஒரு பாய். சாதாரணப் பாய் இல்லை. பட்டுத் துணி மாதிரி மென்மையானது, ஓரமெல்லாம் சிவப்பு இறகு வைத்துப் பின்னியது. செலு அதை மரப்பெட்டிக்குள்தான் பார்த்திருக்கிறாள். அது தன் பெட்டிக்குள் எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது.

"லேசியேலி, இது உன் கல்யாணப் பாய் இல்ல?"

அம்மா தலையை அசைத்தாள்.

"ஒரு மாசம் வகுப்புல உக்காந்துட்டு வர்றவளுக்குக் கல்யாணப் பாய் எதுக்கு?"

அம்மா இடுப்புத் துணியின் ஓரத்தை முறுக்கினாள்.

"விமானம் ஆக்லாந்து வழியாத்தானே திரும்பி வருது?" அத்தையின் குரல் இன்னும் சின்னதாகிவிட்டது. "அங்கேதானே உன் தம்பி இருக்கான்?"

அம்மா தரையைப் பார்த்தாள். வாசற்படியில் அப்பா எழுந்து நின்றுவிட்டார். செலு அம்மாவைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள், ஒன்றும் புரியாமல் அத்தையைப் பார்த்தாள்.

எங்கள் தீவில் பாதி வீடுகளில் இது நடந்திருக்கிறது. ஒரு மாதம் என்று போவார்கள். பிறகு அங்கேயே ஒரு வேலை, ஒரு வீடு, ஒரு கல்யாணம். வருடத்துக்கு ஒருமுறை பீப்பாயில் அரிசியும் சோப்பும் வரும். ஆள் வருவதில்லை.

அத்தை பாயை மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

"செலு, இங்கே வா. முன்னாடி உக்காரு."

செலு உட்கார்ந்தாள்.

"நான் ஒண்ணு கேக்கப்போறேன்."

"அண்ணி, தர்பூசணி..." என்றாள் அம்மா.

"இந்தப் பயணத்தை எனக்குக் கொடு."

வேலிக்கு அப்பால் பெனிசிமானி முதல்முறையாகத் திரும்பி வீட்டைப் பார்த்தான்.

செலுவின் கண் முன்னால் ஒரு வகுப்பறை வந்தது. கடைசி பெஞ்சு. அதில் யாரும் இல்லை. அத்தை கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

"உங்களுதுதான் அத்தை. எடுத்துக்கோங்க."

"கொடுத்தியா?"

"கொடுத்துட்டேன்."

"சேமிசி, காதுல விழுந்துதா?"

"விழுந்துது அக்கா."

"பெனி! வேலிகிட்ட நிக்கறவனே! கேட்டுதா?"

"கேட்டுதும்மா." அவன் குரலில் ஒரு சின்ன நம்பிக்கை. பாவம், அவனைக் குறை சொல்ல முடியாது.

"நல்லது. இப்ப அது என்னுது." அத்தை கைகளை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டார். "என் பொருளை நான் யாருகிட்ட வேணாலும் கொடுத்து அனுப்புவேன். எனக்கு மூட்டு வலி. ஜப்பான்ல எல்லாம் தரையில மண்டி போட்டு உக்காரணுமாம், என்னை எழுப்ப நாலு பேரு வேணும். செலு, எனக்குப் பதிலா நீ கொண்டு போ."

செலுவுக்கு முதலில் புரியவில்லை. அப்பாவுக்குத்தான் முதலில் புரிந்தது. "அக்கா!" என்றார்.

"பெனி!" அத்தை ஜன்னல் பக்கம் குரலை உயர்த்தினார். "ராத்திரி முழுக்க நீ தூங்கலைன்னு எனக்குத் தெரியும்டா. தங்கச்சி இடத்தை உனக்குன்னு நான் கேட்டு வாங்கியிருந்தா, நாளைக்கு தேவாலயத்துல நீ எங்கே பாத்துப் பாடுவே?"

பெனிசிமானி மறுபடியும் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"மாமா, தங்கச்சிகிட்ட ஒண்ணு சொல்லுங்க. அந்த ஊர்ல தச்சு வேலை செய்யறவங்க இழைப்புளியைத் தன் பக்கமா இழுத்து இழைப்பாங்களாம். நாம தள்ளறோம், அவங்க இழுக்கறாங்க. எப்படின்னு ஒரு தடவை நின்னு பாத்துட்டு வந்து சொல்லச் சொல்லுங்க."

"இழைப்புளியைப் பாத்துட்டு வரணுமாம்," என்றார் அப்பா.

"பாக்கறேன்ப்பா. அண்ணன்கிட்ட சொல்லுங்க, கட்டாயம் பாக்கறேன்." செலு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். அத்தையின் மடியில் தலையை வைத்தாள். அங்கே அந்தப் பாய் இருந்தது.

அத்தை அவள் தலையைத் தூக்கினார். முகத்தில் விளையாட்டு இல்லை.

"இந்தப் பயணம் உன்னுது இல்ல, ஞாபகம் வெச்சுக்கோ. என் பொருளைக் கொண்டு போறவ கொண்டு வந்து சேக்கணும். மாசம் முடிஞ்சதும் இதே இடத்துல வந்து உக்காந்து, முதல் நாள்லேருந்து கடைசி நாள் வரைக்கும் எனக்குச் சொல்லணும். ஆக்லாந்துல விட்டுட்டு வந்தேன்னு சொல்லக் கூடாது. சரியா?"

"சரி அத்தை."

"வாக்கு?"

"வாக்கு."

அத்தை அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாயை அவள் பக்கம் தள்ளினார். "கல்யாணப் பாயை நான் எடுத்துக்கமாட்டேன். எடுத்த இடத்துல நீயே வை." பிறகு செலுவின் செல்போனை வாங்கி, தூர நீட்டிப் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியையிடம் கத்தினார். "தௌஃபாவா? எழுதிக்கோ. ஜப்பானுக்கு நான் போறேன். ஆமா, கலோலைனே. பயப்படாதே, உடம்பு செலுவோடது!"

*

மாமரத்தடிக்குச் சேதி போனதும் பிள்ளைகள் போட்ட கூச்சல் துறைமுகம்வரைக்கும் கேட்டது. செலு ஓடிப்போய் அவர்கள் நடுவில் குதித்தாள். 'வணக்கம்' என்பதை ஜப்பான் மொழியில் முப்பது பேரும் ஒன்றாகக் குனிந்து சொன்னார்கள். இரண்டு பேர் தலை முட்டிக்கொண்டார்கள். ஒருத்தி தன் மணிச்சட்டத்தையே கொடுத்து, "இது தன் ஊரைப் பாக்கட்டும் டீச்சர், அங்கேருந்துதானே வந்தது," என்றாள்.

பாடிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினாள் செலு.

அத்தை போயிருந்தார், மிச்சமிருந்த கோழியோடு. அப்பா பெனிசிமானியைத் தேடிக்கொண்டு கடற்கரைக்குப் போயிருந்தார். கூடத்தில் அம்மா மட்டும் இருந்தாள். மடியில் அந்தப் பாய். மரப்பெட்டி ஒரு பக்கம் திறந்து கிடந்தது, பயணப் பெட்டி ஒரு பக்கம் திறந்து கிடந்தது. பாயை அவள் எதிலும் வைத்திருக்கவில்லை.

செலுவின் பாட்டு நின்றது. எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா, ஆக்லாந்துல மாமாகிட்ட என்ன பேசியிருக்கே?"

"நீ நல்லா இருக்கணும்னுதான்டி."

"நான் இப்ப நல்லாத்தானே இருக்கேன்?"

அம்மா பாயின் ஓரத்துச் சிவப்பு இறகுகளை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். அப்படியே, தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"நீ திரும்பி வரும்போது மாமா விமான நிலையத்துக்கு வர்றான். தனியா வரலை. நான் அங்கே ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன், செலு."

"நானும்தாம்மா," என்றாள் செலு. "இப்பத்தான். உன் கண் முன்னாடியே."